சக்கரத்தளவு வெளிச்சம்

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள். கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் வரி கீழே இறங்கிவிடுகிறது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடுகிறேன். நம் மாதர் கூட்டத்து ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு சின்ன வயசு நினைவு எழுத வேண்டும் என்று சொன்னபோது பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன். கூட்டத்தில் நான் வாய் திறக்காதவள் என்று உங்களுக்குத் தெரியும். மறதியும் வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டேனா என்று மருமகளைத்தான் கேட்கிறேன். அதனால் கீழே எழுதியிருப்பதில் முன்பின்னாக ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுதாமலே இருந்திருப்பேன். போன மாசம் நடந்த ஒரு சின்னக் காரியத்தால்தான் நோட்டை எடுத்தேன்.

மருமகள் புதிதாக ஒரு எல்இடி டார்ச் வாங்கியிருந்தாள். தலையை முன்னால் இழுத்தால் வெளிச்சம் குவியும், பின்னால் தள்ளினால் விரியும் என்று அதன் பெட்டியில் போட்டிருந்ததாம். இழுத்துப் பார்த்தால் வட்டமாக விழ வேண்டிய வெளிச்சம் சதுரமாக விழுந்தது. "போக்கஸ் செரியில்ல அத்தே" என்று சுவரில் வெளிச்சத்தை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்குத் தொண்டை வலி. "நீங்க வாயத் திறங்க, இத வச்சே பாத்துருவோம்" என்று கிட்டே வந்தாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். "கொச்சுப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்கியளே" என்று சிரித்தாள். 

அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் எங்கள் வீட்டு டார்ச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாங்கள் அப்போது இருந்தது மலையாளத்துப் பட்டணத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. ஆறு வீடு எதிரெதிர் வரிசையாக, ஆறுக்கும் சேர்த்து ஒரு கிணறு. எல்லோரும் நாஞ்சில் நாட்டிலிருந்து கடை வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். காற்று அடித்தால் மிளகாய் வத்தல் நெடி வரும், அடிக்காவிட்டால் ஓடை நாற்றம். அப்பா ஒரு அரிசிக் கடையின் கிடங்குக்குப் பொறுப்பு. கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. மூட்டை அடுக்குக்கு இடையில் எலி பொத்தல் போட்டிருக்கிறதா, கூரை ஒழுகி எந்த மூட்டை நனைந்திருக்கிறது என்று பார்க்க முதலாளி ஒரு டார்ச் லைட் கொடுத்திருந்தார். அது அப்பா கையிலேயே தங்கிவிட்டது.

மூன்று பேட்டரிக் கட்டை போடுகிற டார்ச்சு. வெள்ளி நிறக் குழல், சிவப்புப் பொத்தான். கழுத்தில் விரல் வழுக்காமல் இருக்க வரிவரியாக வெட்டியிருக்கும். அந்தத் தலையைத் திருகினால் வெளிச்சம் விரியும், குறுகும். முழுக்க விரித்தால் எங்கள் வீட்டுச் சுவர் பூராவும் நிரம்பும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே வந்தால் வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு சக்கரத்தளவுக்கு வந்து நிற்கும். சக்கரம் என்றால் நம் பழைய செம்புக்காசு. அப்போது ராஜாவின் சமஸ்தானம் போய் திருக்கொச்சி சர்க்கார் வந்து, சக்கரமும் செல்லாமல் போயிருந்தது. பேச்சில் மட்டும் போகவில்லை. "சக்கரத்தளவு" என்றால் எல்லோருக்கும் ஒரே அளவுதான்.

அப்பா தொண்டை பார்க்க ஆரம்பித்தது எப்படி என்றால், எதிர்வீட்டு மயினியின் மூத்த பெண் மீன் முள்ளை விழுங்கிவிட்டாள். மயினி, அதாவது மதினி, என்று நான் சொல்கிறவள் எங்களுக்குச் சொந்தமில்லை, வரிசையில் எல்லோருக்கும் அவள் மயினிதான். அப்பா டார்ச்சை அடித்து முள் நிற்கிற இடத்தைப் பார்த்து விரலாலேயே எடுத்துவிட்டார். அன்றைக்கே பேர் வந்துவிட்டது. பிறகு யார் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல், இருமல் என்றாலும் காலையில் அப்பா குளித்து நீறு பூசிக் கடைக்குப் புறப்படுமுன் எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார். நான் கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்க வேண்டும். அதன் காம்பால்தான் நாக்கை அமுக்குவார். முதலில் வெளிச்சத்தைப் பிள்ளையின் நெஞ்சில் அடிப்பார். தலையைத் திருகித் திருகி, வட்டம் நெஞ்சில் சக்கரத்தளவுக்கு வந்த பிறகுதான் "ஆ காட்டு மக்கா" என்று தொண்டைக்குள் விடுவார். பார்த்துவிட்டு மூன்றில் ஒன்று சொல்வார். சூடு, சளி, ஆஸ்பத்திரி. சூடு என்றால் நல்லெண்ணெய் வைத்துக் குளிப்பாட்டு. சளி என்றால் சுக்கும் மிளகும் கருப்பட்டியும். ஆஸ்பத்திரி என்று இரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டும் பிழைத்தன. கொண்டுபோனது நல்லதாயிற்று என்று அங்கே டாக்டரே சொன்னாராம். அதன் பிறகு அப்பா சொல்லாமல் யாரும் ஆஸ்பத்திரிப் படி ஏறுவதில்லை என்று ஆகிவிட்டது.

அப்பா படித்தது என்னைவிட ஒரு வகுப்புதான் கூட. "டாக்டர்மாரும் லைட்டு அடிச்சுத்தானே பாக்காவ. கண்ணு தானே வேணும்" என்பார்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். நாலு வயசு முடியவில்லை. அவனுக்கு அந்த டார்ச்சு மேல் உயிர். அப்பா சுவரில் அடித்தால் ஓடிப்போய் வட்டத்தைப் பிடிப்பான். உள்ளங்கையை அதன் வாயில் வைத்து மூடிக்கொண்டு, விரல் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்து, "அக்கா, எனக்குள்ள தீ எரியுகு" என்பான். "அணைச்சிரட்டா?" என்று அப்பா கேட்பார். "வேண்டாம், வேண்டாம்" என்று கத்துவான். இதெல்லாம் எழுதும்போது அவன் குரல் கேட்கவில்லை. சொன்ன சொல் நினைவிருக்கிறது, குரல் இல்லை.

அந்த வருஷம் கர்க்கடக மழை விடவேயில்லை. நாம் ஆடி என்போமே, அந்த மாசம். பகலிலும் வீட்டுக்குள் ஆள் முகம் தெரியாது. துணி உலராமல் புளித்த வாடை அடிக்கும். அம்மாவுக்கு விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்து, சாம்பல் பட்டால் எரிகிறது என்று வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கிற வேலையை என்னிடம் விட்டுவிட்டாள். எனக்கு ஒன்பது வயசு. புளியும் சாம்பலும் போட்டுக் குத்துவிளக்கு இரண்டையும் தேய்த்து, கழுவி, துடைத்து வைத்தால் பொன்னாக நிற்கும். அதைப் பார்த்து அம்மா, "கொள்ளாமே, என் கையைவிட ஒங் கைக்கு வெளக்கு மின்னுகு" என்றாள். அம்மா அதிகம் மெச்சுகிறவள் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயம் அப்பா, "டார்ச்சு மங்கிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஈரத்தில் கட்டை வீணாகிறது என்று கட்டைகளை எடுத்து அடுப்படியில் சூடு காட்டி வைப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை கட்டைகள் அப்படி அடுப்படியில் இருக்க, வெறும் டார்ச்சு அலமாரியில் கிடந்தது. அப்பா வீட்டில் இல்லை. நான் அதன் தலையைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு கிண்ணம், தீபாராதனைத் தட்டுக் குழி மாதிரி. பல்பு அதன் நடுவில் நிற்கும். அந்தக் கிண்ணத்தில் மழைக்காலப் புகை படிந்தாற்போல் ஒரு மங்கல்.

விளக்கு மங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியுமே.

புளியை உருட்டிச் சாம்பலில் தொட்டு நன்றாகத் தேய்த்தேன். புளி கறுப்பாக வந்தது. அழுக்கு வருகிறது என்று இன்னும் அழுத்தினேன். வெள்ளையாக இருந்தது போய் மஞ்சளாக, எங்கள் குத்துவிளக்கின் நிறமாக, மின்னியது. பல்புக்கு அடியில் ஒரு சின்ன அட்டை வளையம் இருந்தது. அது தண்ணீரில் ஊறிப் பிய்ந்து வந்துவிட்டது. குப்பை என்று ஓடையில் போட்டேன். எல்லாவற்றையும் துடைத்து, தலையைத் திருகி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அப்பா பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கேட்கட்டும், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன்.

முதலில் கண்டுபிடித்தது தம்பிதான். மறுநாள் காலை அப்பா கட்டைகளைப் போட்டுச் சுவரில் அடித்ததும் வட்டத்தைப் பிடிக்க ஓடியவன் நின்றுவிட்டான். "அப்பா, வட்டத்துல ஓட்டை" என்றான். மஞ்சளான வெளிச்சத்தின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு. அப்பா தலையை வலப்பக்கம் திருகினார். ஓட்டை பெரிதானது. இடப்பக்கம் திருகினார். ஓட்டை சின்னதாயிற்று, ஆனால் போகவில்லை. தலை கழன்று கையோடு வரும்வரை திருகிப் பார்த்தார்.

அதிலிருந்து ஏழெட்டு நாள் அப்பாவுக்கு அதே வேலை. கட்டை வீக் என்று புதுக்கட்டை போட்டார். மஞ்சள் போகவில்லை. பல்பு சரியில்லை என்று வேறு பல்பு போட்டார். ஓட்டை போகவில்லை. அடியிலுள்ள ஸ்பிரிங்கை இழுத்து நீட்டினார். பல்பைத் துணியால் துடைத்தார். பீடிக் கட்டுத் தாளை நாலாக மடித்துப் பல்புக்கு அடியில் கொடுத்தார். அதற்கு ஓட்டை பாதியாகக் குறைந்தது. கிண்ணத்தை அவர் சந்தேகப்படவேயில்லை. அதுதான் பொன் மாதிரி மின்னிக்கொண்டிருந்ததே. "போக்கஸ் போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார்.

எதிர்வீட்டு மயினி கேலி பண்ணினாள். "அண்ணாச்சி, உங்க லைட்டுக்கும் கர்க்கடகச் சூடு பிடிச்சாச்சு. எண்ணெ வச்சுக் குளிப்பாட்டுங்க."

"நீ சிரி. நாளைக்கு ஒம் பிள்ளையத் தூக்கிட்டு இங்கதான் வரணும்."

"வராம? வேற எங்க போவேன்? அங்க ஆஸ்பத்திரில போனா ஒரு பகல் போயிரும். நீங்க பாத்தா தோசை திருப்பிப் போடுக நேரம்."

அப்பாவும் சிரித்தார். கடைசியில் தலையைத் திருகிக்கொண்டே வந்து, ஓட்டை ரொம்பச் சின்னதாகத் தெரிகிற ஓரிடத்தில் நிறுத்தி, அங்கே ஆணியால் ஒரு கீறல் போட்டார். "இந்தக் கோட்டுக்கு வந்தா மதி, அது போதும்" என்றார். மஞ்சள் வெளிச்சமும் நடுவில் நிழலுமாக அந்த வட்டம் சக்கரத்தளவுக்கு வரவில்லை, அம்மாவின் சோற்றுக் கிண்ணத்தின் வாயளவுக்குத்தான் வந்தது. அதை வைத்துத்தான் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பார்த்தார்.

நான் தேய்த்ததால்தான் கெட்டது என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. இதை மறைக்கக் கூடாது. அப்பா ஒவ்வொரு தடவை திருகும்போதும் நான் கிணற்றடிக்குப் போய்விடுவேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

தம்பிக்குக் காய்ச்சல் வந்தது ஒரு திங்கட்கிழமை. பெரிய காய்ச்சல் இல்லை. சுருண்டு படுத்தான். கஞ்சி வேண்டாம் என்றான். மறுநாள் குரல் மூக்கால் பேசுவது போல மாறியது. வாயருகே குனிந்தால் ஒரு வாடை, அழுகத் தொடங்கிய பழம் போல. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். மழை கொஞ்சம் விட்டிருந்தது, கிணற்றுக்கு மேல்தான் எங்கள் சந்தில் வானம் தெரியும். அவன் மோவாயைத் தூக்கி வாயைத் திறந்து வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தாள். நான் வாளியோடு பக்கத்தில் நின்றேன். அம்மா முகம் மாறியது. அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அப்பாவிடம் சொன்னாள். "இங்க பாருங்க. பிள்ளைக்குத் தொண்டையில வெள்ளையா தோலு மாதிரி என்னமோ படிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம்."

"எங்க பாத்த?"

"கிணத்தங்கரையில வச்சுப் பாத்தேன்."

"வெளிய நின்னு பாத்தா தொண்டைக்குள்ள தெரியுமாக்கும்? கொண்டா இங்க."

நான் கரண்டியைக் கழுவிக்கொண்டு வந்தேன். அப்பா டார்ச்சை எடுத்துக் கீறலுக்குத் திருப்பி வைத்தார். தம்பி நெஞ்சில் அடித்தார். மஞ்சளாக விழுந்தது. தம்பி குனிந்து அதைப் பார்த்தான், கை நீட்டவில்லை. கரண்டிக் காம்பை வைத்து, இப்படியும் அப்படியும் சாய்த்து, வெகுநேரம் பார்த்தார். தம்பி ஓக்காளித்தான்.

"ஒண்ணுமில்ல. மஞ்சளா கொஞ்சம் சளி கெட்டிப்பட்டு நிக்கி. தயிர் குடுத்தியா?"

"நாலு நாளா குடுக்கல்ல. மஞ்சளு இல்ல, வெள்ளை. நல்லா பாருங்க."

"நான் பாத்தாச்சு. ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் பாக்கேன், எம் பிள்ளைக்குப் பாக்கத் தெரியாதா? சுக்கு போட்டுக் குடு."

அம்மா அங்கேயே நின்றாள். அப்போது நான் வாயைத் திறந்தேன். டார்ச்சு கெட்டுப்போயிருக்கிறது, நான்தான் தேய்த்தேன் என்று சொல்லத்தான் திறந்தேன். அப்பா திரும்பி, "என்னட்டி?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

கரண்டியைக் கொண்டுபோய்க் கழுவினேன்.

சுக்குத் தண்ணீர் அவனுக்கு இறங்கவில்லை, மூக்கு வழியாக வந்தது. புதன்கிழமை மத்தியானம் மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ளே போக ஆரம்பித்தது. மூச்சில் சேவல் கூவுகிற மாதிரி ஒரு சத்தம். அம்மா அப்பாவிடம் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்துக்கு வெளியே நடந்துவிட்டாள். அப்பா கடையிலிருந்து ஓடிவந்து குதிரைவண்டி பிடித்தார். என்னை யார் வீட்டிலும் விடவில்லை, ஒட்டுகிற சீக்கு என்று வரிசைக்குள் பயம் வந்திருந்தது. வண்டியில் ஏறும்போது அப்பா என்னிடம், "லைட்ட எடு மக்கா" என்றார். ஏன் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. பழக்கமாக இருக்கும். நான் ஓடிப்போய் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி குலுங்கும்போது கட்டைகள் உள்ளே ஆடின.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நெற்றியில் கண்ணாடி கட்டியிருந்தார். தம்பி வாயைத் திறந்து ஒரு தடவைதான் பார்த்தார். நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு, "இதுக்கு முன்னே ஆராவது தொண்டை நோக்கியோ?" என்று கேட்டார். யாராவது பார்த்தீர்களா என்று. அப்பா என் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார்.

அம்மாதான் பதில் சொன்னாள். "பாத்தோம் சாரே. சளின்னு நினைச்சோம்."

நினைச்சோம் என்று தன்னையும் சேர்த்துச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

வீட்டில் வேறு பிள்ளை உண்டா என்று கேட்டு டாக்டர் என்னையும் வாயைத் திறக்கச் சொன்னார். அவர் வெளிச்சம் வெள்ளையாக இருந்தது. அவ்வளவு வெள்ளையாக. எனக்கு ஒன்றுமில்லை என்று ஊசி மட்டும் போட்டார்கள். தம்பிக்கும் ஊசி போட்டார்கள், கழுத்தில் ஏதோ செய்தார்கள். எங்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். டிப்தீரியா என்று சொன்னார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாம் என்றார்கள். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அவன் போய்விட்டான்.

சின்னப் பிள்ளை என்பதால் பதினாறு கிடையாது. மூன்றாம் நாள் அப்பா கடைக்குப் போய்விட்டார். அம்மா அவன் துணிகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, அப்புறம் ஆற்றில் விட்டாள். ஒரு சிவப்பு நிக்கர், இரண்டு சட்டை, அவன் தலைக்கு வைக்கிற சின்னத் தலையணை. தலையணை மட்டும் உடனே முங்கவில்லை, கொஞ்ச தூரம் மிதந்து போயிற்று.

நீங்கள் நம்பமாட்டீர்கள். பத்து நாள் ஆகவில்லை, எதிர்வீட்டு மயினி தன் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இதுக்கு இருமலு. ஒண்ணு பாருங்க."

அப்பா அவளையே பார்த்தார். "நான் பாக்கணுமா?"

"பின்னே ஆரு பாக்க? உங்க பிள்ளைக்கு ஆயுசு அம்புட்டுத்தான். அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

அப்பா டார்ச்சை எடுத்தார். பிள்ளையின் நெஞ்சில் அடித்தார். மஞ்சள் வட்டம், நடுவில் கறுப்பு. கீறலையும் தாண்டித் திருகினார், திரும்பவும் கீறலுக்கு வந்தார். பொத்தானை அணைத்தார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ" என்றார். அதன் பிறகு யார் வந்தாலும், வெறும் தும்மலாக இருந்தாலும், நெஞ்சில் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி என்றுதான் சொன்னார். கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு, கடைத்தெரு முனையில் இருந்த வாட்ச் ரிப்பேர்காரரிடம் போனார். அவர் மலையாளி, எங்கள் ஆட்களோடு பழகிப் பாதித் தமிழில் பேசுவார். டார்ச்சைப் பிரித்து, கண்ணில் குழல் கண்ணாடியை வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி, பல்பினு அடியில ஒரு அட்டை வளையம் உண்டல்லோ. அது எவிடே?"

அப்பா தெரியாது என்றார்.

"அதில்லாம போக்கஸ் எப்படி வரும்? பல்பு இறங்கியல்லே நிக்குது. நீங்க எத்தர திருக்கினாலும் வராது."

ஒரு தீப்பெட்டி அட்டையைக் கத்தரித்து வளையமாக்கி உள்ளே வைத்தார். தலையை மாட்டித் திருகினார். கடைச் சுவரில் ஓட்டை மூடிக்கொண்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சக்கரத்தளவு வட்டம். ஆனால் மஞ்சள்.

"இந்த மஞ்சளு?"

"அது இனி போகாது. கிண்ணத்துல வெள்ளி பூசியிருந்துச்சு. ஆரோ புளி போட்டுத் தேச்சு எடுத்தாச்சு. வெளக்குன்னு நினைச்சிருக்கும், பாவம். இந்த வெளிச்சத்துல வெள்ளையும் மஞ்சளும் ஒண்ணு போல இருக்கும்."

அப்பா டார்ச்சை வாங்கிக்கொண்டு வேகமாக நடந்தார். பின்னால் நான் ஓட்டமும் நடையுமாக வந்தேன். நான் தேய்த்திருப்பேன் என்று அவர் நினைக்கவேயில்லை. புளியும் சாம்பலும் என்றால் அவருக்கு அம்மாதான்.

அம்மா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அப்பா டார்ச்சை அவள் முன்னால் தரையில் வைத்தார். "இதப் புளி போட்டுத் தேச்சியா?"

அம்மா டார்ச்சைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவுக்குப் பின்னால் கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. குழவியிலிருந்து கையை எடுக்காமல், "ஆமா. நாந்தான்" என்றாள்.

அப்பா அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. "ஒங் கையால செஞ்சுட்டியே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள். அம்மா தேய்த்த விளக்கை அவர் ஏற்றவில்லை, நான்தான் தேய்க்க வேண்டும். அது அம்மாவுக்குத் தண்டனை என்று நினைத்துச் செய்தார். யாராவது எத்தனை பிள்ளை என்று கேட்டால், "ரெண்டு. ஒண்ண இவ தேச்சுக் கழுவிட்டா" என்பார். அம்மா பரிமாறிக்கொண்டே இருப்பாள்.

நான் ஒரே ஒரு தடவை கிணற்றடியில், "அம்மா..." என்று தொடங்கினேன். "வெளக்கு தேய்க்கச் சொன்னது நாந்தானே. போ, தண்ணி கோரு" என்றாள். அம்மா செத்த பிறகு, கண் தெரியாமல் இருந்த அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தடவை வாயைத் திறந்தேன். "என்னட்டி?" என்றார். ஒன்பது வயசில் சொன்ன அதே பதிலைத்தான் சொன்னேன். அந்த டார்ச்சு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் போன பிறகு பெட்டியில் தேடினேன், இல்லை.

மருமகள் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். நான் வாயை மூடிக்கொண்டதும் அவள் டார்ச்சைக் கட்டிலில் போட்டுவிட்டாள். "செரி, லைட்டு வேண்டாம். ஜன்னல் பக்கம் வாங்க, பகல் வெளிச்சம் மதி" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். வாயைத் திறந்தேன். "லேசா செவந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

அங்கே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். கிணற்றடியில் அம்மாவும் இதைத்தானே செய்தாள். அவள் பார்த்தாள், சரியாகப் பார்த்தாள், வெள்ளை என்று சொன்னாள். அப்பாவும் நானும், டாக்டருக்குப் பதில் சொல்லும்போது அம்மாவுமே, அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இத்தனை வருஷமும் நான் கிண்ணத்தையும் அட்டை வளையத்தையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா "நான் பாத்தாச்சு" என்று சொன்னதை நினைக்கவே இல்லை.

ஆனாலும் அப்பாவுக்குத் தெரியாமல் போனது டார்ச்சால்தானா என்று எனக்கு நிச்சயம் இல்லை. அதனால்தான் கேட்கிறேன். உங்களில் யார் வீட்டிலாவது அந்தக் காலத்து டார்ச்சு, தலை திருகுகிறது, கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கிண்ணத்தில் வெள்ளி போயிருக்க வேண்டும், உள்ளே பித்தளை தெரிய வேண்டும். பல்புக்கு அடியில் வளையம் இல்லாமல் மாட்டி, ஒரு சாண் தூரத்தில் சிவப்புத் துணி விரித்து, அதில் ஒரு சோற்றுப் பருக்கையை வைத்து அடியுங்கள். வெள்ளையாகத் தெரிகிறதா, மஞ்சளாகத் தெரிகிறதா, நடுவிலுள்ள கறுப்பு அதை மறைக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்குக் கை நடுங்கும், பருக்கையும் சரியாகத் தெரியாது. காய்ச்சல் வந்தது திங்கட்கிழமைதானா, அப்போது சக்கரம் செல்லாமல் போயிருந்ததா என்பதையும் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

தேய்த்தது அம்மா இல்லை. அதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம்.